சீலியாக் டெஸ்ட்: ராமநாதபுரத்தில் ரத்தம், மதுரையில் எண்டோஸ்கோப்பி

ராமநாதபுரத்தில் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய லேப்பில் எங்கள் வீட்டில் எல்லாரும் சீலியாக் என்ற, கோதுமையால் வருகிற குடல் வியாதிக்கு டெஸ்ட் எடுத்தோம். லேப் பெயரைப் போடவில்லை. நான் விசாரித்த வரைக்கும் மற்ற லேப் கவுண்ட்டர்களிலும் ஏறத்தாழ இதே கதைதான், ஒருத்தரை மட்டும் பிடித்துத் திட்டுவதில் நியாயம் இல்லை. ரத்தம் எடுக்க வந்த பையனுக்கு முழு மார்க். கவுண்ட்டருக்குப் பாஸ் மார்க் போடுவதே யோசனைதான். மதுரையில் எண்டோஸ்கோப்பி எடுத்த ஆஸ்பத்திரிக்கு நல்ல மார்க், ஆனால் அவர்கள் கையில் கொடுத்துவிட்ட டயட் சீட்டு இருக்கிறதே, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

ஏன் எடுத்தோம் என்றால், ஷார்ஜாவில் இருக்கும் எங்கள் காக்காவுக்கு (அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்) வருஷக்கணக்காக ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டே இருப்பார், ஹீமோகுளோபின் ஏறவே ஏறாது. வயிற்றுக்கோளாறு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, கொஞ்சம் உப்புசம், கொஞ்சம் களைப்பு, அதை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. கடைசியில் அங்கே ஒரு டாக்டர் சீலியாக் என்று கண்டுபிடித்தார். கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்க ஆரம்பித்துவிடும். சத்தை உறிஞ்சுகிற குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிடும், அப்புறம் எத்தனை மாத்திரை போட்டாலும் ஒட்டாது. உலகத்தில் சுமார் நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது, ஆனால் ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் பெற்றவர்கள், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் இவர்களுக்குக் கிட்டத்தட்ட பத்தில் ஒருவர் வரை வாய்ப்பு உண்டு, அதனால் எல்லாரையும் பார்க்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வாப்பா இல்லை. மிச்சம் உம்மா, நான், தங்கச்சி, தங்கச்சியின் பிள்ளைகள். காக்காவின் மகனுக்கு அங்கேயே எடுத்துவிட்டார்கள்.

இங்கே முதலில் பார்த்த டாக்டர் சிரித்தார். அது பஞ்சாப், ஹரியானா பக்கத்து வியாதி தம்பி, நமக்கு ஏது என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் வடக்கே ஹரியானா பக்கம், வடகிழக்கு, தெற்கே வேலூர் பக்கம் என்று மூன்று பகுதிகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்ததில், ரத்தத்தில் சீலியாக்குக்கான எதிர்ப்புப் புரதம் வடக்கே 1.23 சதவீதம் பேருக்கு, தெற்கே 0.10 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. ஆனால் இந்த வியாதி வருவதற்கு வேண்டிய மரபணு நம்மிடமும் கிட்டத்தட்ட அவர்கள் அளவுக்கே இருக்கிறது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. வித்தியாசம் தட்டில்தான்: அங்கே ஒரு நாளைக்கு ஆளுக்குச் சுமார் 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். அந்த 25 கிராம் கணக்கை எடுத்தவர்கள் எங்கள் ஊர் ராத்திரிக் கடைப் பக்கம் வந்திருக்கவே மாட்டார்கள். தொண்டியில் இருந்து சாயல்குடி வரைக்கும் கடற்கரை ரோட்டில் சாயங்காலம் ஒருமுறை போய்ப் பாருங்கள், பரோட்டாக் கல் சூடாகாத முக்கு ஒன்று காட்டுங்கள்.

அப்புறம் வேறொரு டாக்டர், குடல் சம்பந்தமாகப் படித்தவர், சீட்டில் இரண்டே இரண்டு பெயர் எழுதிக்கொடுத்தார்: டிடிஜி ஐஜிஏ, டோட்டல் ஐஜிஏ. இரண்டாவது எதற்கு என்பதையும் அவரே சொன்னார். முதல் டெஸ்ட், ஐஜிஏ வகை எதிர்ப்புப் புரதத்தைத் தேடுகிறது. சிலருக்கு உடம்பில் ஐஜிஏவே சுரக்காது, சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு 2, 3 பேர் அப்படி. அவர்களுக்கு முதல் டெஸ்ட்டை மட்டும் எடுத்தால் வியாதி இருந்தும் 'இல்லை' என்று வந்துவிடும். அதனால் மொத்த ஐஜிஏ எவ்வளவு என்று பக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும், குறைவாக இருந்தால் ஐஜிஜி வகை டெஸ்ட்டுக்குப் போக வேண்டும்.

இந்தச் சீட்டோடு கவுண்ட்டருக்குப் போனேன். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "கோதுமை ஒத்துக்காதா அண்ணா, அதுக்கு ஃபுட் இன்டாலரன்ஸ் பேக்கேஜ் இருக்கு, இருநூறு ஐட்டம் பார்த்துடலாம், ஆஃபர் இன்னையோட முடியுது" என்றது. விலை, சீட்டில் இருந்ததைப் போலப் பல மடங்கு. தயவுசெய்து யாரும் இதை வாங்காதீர்கள். அந்தப் பேக்கேஜ் பார்ப்பது வேறு, சீலியாக் வேறு. அதில் கோதுமைக்கு நேரே சிவப்புக் கோடு வந்தாலும் சீலியாக் என்று அர்த்தம் இல்லை, பச்சை வந்தாலும் இல்லை என்று அர்த்தம் இல்லை. கோதுமை அலர்ஜிக்கு எடுக்கிற ஐஜிஇ டெஸ்ட்டும் இதற்கு உதவாது. வேண்டாம் என்றதும் பில் போட்டார்கள், பார்த்தால் டிடிஜி மட்டும் இருக்கிறது, டோட்டல் ஐஜிஏவைக் காணோம். கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா, ஐஜிஏன்னுதானே போட்டிருக்கு" என்றது. சீட்டை நீட்டி, உள்ளே ஒரு சாரிடம் கேட்கச் சொல்லி, அவர் வெளியே வந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் சேர்த்தார்கள். டாக்டர் முன்னாலேயே விளக்காமல் இருந்திருந்தால் அரை டெஸ்ட்டோடு வீட்டுக்கு வந்திருப்போம். இதற்குத்தான் மார்க்கைக் குறைத்தேன்.

இன்னொன்று, வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னார்கள். உம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. இந்த டெஸ்ட்டுக்குப் பட்டினி தேவையே இல்லை. வேறு டெஸ்ட்டோடு சேர்த்து எடுத்தால்தான் அந்தப் பேச்சே. போனில் டாக்டரைக் கேட்டுவிட்டு உம்மாவுக்கு இடியாப்பத்தைக் கொடுத்து உட்கார வைத்தோம்.

இதில் உண்மையாகவே முக்கியமான விஷயம் ஒன்றை லேப்பில் யாருமே கேட்கவில்லை: இப்போது கோதுமை சாப்பிடுகிறீர்களா? கோதுமையை நிறுத்திவிட்டால் எதிர்ப்புப் புரதம் குறைந்துபோகும், குடலும் ஆற ஆரம்பிக்கும், டெஸ்ட் பொய் சொல்லிவிடும். காக்கா விஷயம் தெரிந்த நாளில் இருந்தே தங்கச்சி பயந்துபோய் பரோட்டா, ரவை, பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தாள். டாக்டர்தான் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, குறைந்தது 6 வாரம் தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வா, அதுவரை ரத்தம் எடுக்காதே என்றார். பரோட்டா சாப்பிடு என்று சீட்டு எழுதிய டாக்டரை அன்றுதான் பார்த்தோம். மச்சானுக்கு அந்த ஆறு வாரமும் கொண்டாட்டம், மருந்து வாங்குகிற மாதிரி பொட்டலம் பொட்டலமாக வாங்கி வந்தார். அவளுக்குத்தான் பாவம், உப்புசமும் களைப்பும்.

சரி, நல்லதைச் சொல்கிறேன். எங்கள் ஊர் கீழக்கரைக்கு, வீட்டுக்கே வந்து எடுக்கிறார்கள். ராமநாதபுரத்தில் இருந்து சுமார் 17 கிலோமீட்டர், வீட்டுக்கு வரச் சிறு கட்டணம்தான். வந்த பையன் சொன்ன நேரத்துக்கு வந்தான், செருப்பை வெளியே விட்டான், உம்மாவைப் பார்த்ததும் முதலில் சலாம் சொன்னான், அதிலேயே பாதி பயம் போய்விட்டது. உம்மாவுக்கு நரம்பு கிடைக்காது, போன முறை வேறொரு இடத்தில் குத்திக் குத்திக் கை கறுத்துப்போனது. இவன் அவசரமே படவில்லை. வெந்நீர்த் துணியைச் சுற்றி வைத்தான், கையைத் தொங்கப் போடச் சொன்னான், விரலால் தடவித் தடவி ஓர் இடத்தைப் பிடித்தான், சின்னப் பட்டர்ஃபிளை ஊசி, ஒரே குத்து. மஞ்சள் மூடி ட்யூபை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, எங்கள் கண் முன்னாலேயே பெயரும் வயதும் எழுதி ஒட்டி, சரியா என்று காட்டினான். பிள்ளைகளில் சின்னவள் அழவே இல்லை என்பதைத் தங்கச்சி இன்னும் நம்பவில்லை. இப்படி ஓர் ஆளை வைத்துக்கொண்டு முன்னால் அப்படி ஒரு கவுண்ட்டர்.

ரிப்போர்ட் சொன்ன நாளில் வரவில்லை. சாம்பிள் சென்னைக்குப் போய்த்தான் ஓட வேண்டுமாம், அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். வாட்ஸப்பில் பிடிஎஃப் வந்தது, ஓர் எண், பக்கத்தில் நார்மல் அளவு, அவ்வளவுதான். உம்மா, நான், பிள்ளைகள் நார்மல், எல்லாருக்கும் டோட்டல் ஐஜிஏவும் சரியாக இருந்தது. பின்னால் எடுத்த தங்கச்சிக்கு எண் எகிறிவிட்டது. இரண்டாவது பிள்ளைக்கு அப்புறம் அவளும் இரும்புச்சத்து மாத்திரைதான், முடி கொட்டல்தான், பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் இருக்கும் என்று எல்லாரும் சொல்லி முடித்திருந்தோம். நார்மல் வந்த நாங்களும் ஜென்மத்துக்கும் தப்பித்துவிட்டோம் என்று இல்லை, பின்னாலும் வரலாம். பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து மறுபடி எடுக்க டாக்டர் சொல்லியிருக்கிறார், நடுவில் வளர்த்தி நின்றாலோ ரத்தசோகை வந்தாலோ உடனே.

ரத்த டெஸ்ட்டை மட்டும் வைத்து பெரியவர்களுக்குப் பெரும்பாலும் முடிவு கட்ட மாட்டார்கள், குடலில் இருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தங்கச்சியை மதுரைக்கு அனுப்ப எழுதிக்கொடுத்தார். ராத்திரியில் இருந்து பட்டினி, காலையில் எங்கள் முறை வருவதற்குள் மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. அது தவிரக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தொண்டையில் மரத்துப்போகிற ஸ்பிரே அடித்து, தூக்க ஊசி போட்டு, உள்ளே போன வேகத்தில் வெளியே வந்துவிட்டாள், எப்போது ஆரம்பித்தார்கள் என்றே அவளுக்குத் தெரியவில்லை. சதை எடுப்பது வலிக்காது. டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்து, திரையில் குடலைக் காட்டி, ஒரே இடத்தில் எடுத்தால் தப்பிவிடும், வியாதி திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், அதனால் முன்சிறுகுடலில் ஐந்தாறு இடத்தில் எடுத்திருக்கிறேன் என்று பொறுமையாகச் சொன்னார். நீங்கள் எங்கே எடுத்தாலும் எத்தனை துண்டு எடுப்பீர்கள் என்று கேட்டுவிடுங்கள். ரிப்போர்ட்டில் மார்ஷ் 3 என்று வந்தது, அதாவது குடலுறிஞ்சிகள் தேய்ந்திருக்கின்றன, சீலியாக் உறுதி. மருந்து கிடையாது, குளூட்டனை வாழ்நாள் முழுக்க நிறுத்துவதுதான் வைத்தியம்.

இப்போது அந்த டயட் சீட்டு. கீன்வா, பக்வீட், பாதாம் மாவு ரொட்டி, எங்கிருந்தோ எடுத்து அச்சடித்தது. இடியாப்பமும் ஆப்பமும் புட்டும் நெய்ச்சோறும் மீன் குழம்பும் சாப்பிடுகிற ஊரில் கீன்வாவை யாரிடம் போய்க் கேட்பது? நம் சாப்பாட்டில் முக்கால்வாசி அரிசிதான், கேழ்வரகு, கம்பு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். நமக்கு ஆபத்து ஒளிந்திருக்கிற இடமே வேறு, அதில் ஒன்றுகூடச் சீட்டில் இல்லை. பெருங்காயத்தில் ஆரம்பிக்கலாம். வீட்டில் இருந்த டப்பாவைத் திருப்பிப் படித்தேன்: கோந்து, கோதுமை மாவு, அதற்கு அப்புறம்தான் பெருங்காயம். கூட்டுப் பெருங்காயம் என்று விற்பதில் பெரும்பாலும் மாவு உண்டு, அரிசி மாவு போட்டதும் கிடைக்கிறது, தேடி வாங்க வேண்டும். அப்படியென்றால் ஓட்டல் சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் எல்லாமே கேள்விக்குறி. அடுத்தது மாவு மில். நமக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால் நம் அரிசி மாவில் அது கலந்துதான் வரும். இப்போது வீட்டிலேயே மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறோம். ராத்திரிக் கடையில் பரோட்டா போட்ட கல்லிலேயே தோசை ஊற்றுவார்கள், பொரித்த மீனில் மைதா தடவுகிற கடையும் உண்டு. காய்ச்சல் வந்தால் ஹார்லிக்ஸ் கலக்குகிற பழக்கத்தை உம்மாவிடம் இருந்து பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, அதில் கோதுமை, பார்லி இரண்டுமே இருக்கின்றன. நோன்புக் கஞ்சி பிரச்சினை இல்லை, பக்கத்தில் இருக்கிற சமோசாதான் பிரச்சினை. எங்கள் ஊர் இனிப்பான தொதல் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் என்பதால் தங்கச்சி தப்பித்தாள், அதையும் மைதா சேர்க்காத கடையா என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். பாக்கெட் சாமான் வாங்கினால் குளூட்டன் ஃப்ரீ என்று போட்டிருக்கிறதா பாருங்கள், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அப்படிப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது.

செலவு: லேப்பில் ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் வந்தது, மதுரையில் எண்டோஸ்கோப்பியும் சதை டெஸ்ட்டும் தனித்தனி பில், முதலிலேயே இரண்டையும் சேர்த்து எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். தங்கச்சிக்கு அடுத்த டிடிஜி எடுக்கும்போதும் இதே லேப்தான், அதே பையன் வருவதாக இருந்தால். பில்லில் என்ன போடுகிறார்கள் என்பதை நான் நின்று படித்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன்.