பொடிக்கொசுக் கடிக்கு எது தாங்கும்: பூசுகிற களிம்பா, போர்த்துகிற வலையா?

ஏற்காட்டுக்குப் போய் ஏரியில் படகு விட்டு, பகோடா பாயிண்டில் நின்று பார்த்துவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் பொழுது சாய்வதற்குள் சேலம் வந்து சேர்கிறவர்களுக்கு இந்தத் தொல்லையே தெரியாது. ஊரை விட்டுத் தள்ளி, நாகலூர், மாரமங்கலம் என்று காபித் தோட்டத்து ஓரமாகவே நடந்து, ஓடை இறங்குகிற பள்ளத்துக்குள் போகிறவர்களுக்குத்தான் தெரியும். வெயில் தாழ்ந்திருக்கும், காற்று நின்றுபோயிருக்கும், காலடியில் மண் ஈரமாக இருக்கும். பூச்சி கண்ணில் படாது. காதோரம், நெற்றியில் முடி தொடங்குகிற இடம், சாக்ஸுக்கு மேலே என்று சுருக் சுருக்கென்று கடி மட்டும் விழும். அப்போதைக்குப் பெரிதாகத் தெரியாது. ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கும்.

எங்களோடு நடக்க வருகிறவர்களில் இதற்கு இரண்டு கட்சி உண்டு. ஒன்று களிம்புக் கட்சி, இன்னொன்று முழுக்கைச் சட்டையும் தலைவலையும். நான் இரண்டிலும் இருந்து பார்த்துவிட்டு இப்போது முழுக்க வலைப் பக்கம் வந்துவிட்டேன்.

கடிப்பது எது என்று தெரிந்தாலே பாதி முடிவு வந்துவிடும். இது நாம் வீட்டில் பார்க்கிற கொசு இல்லை. குலிகாய்டிஸ் என்கிற பேரினம், நீளம் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர்தான். ஸ்காட்லாந்து மலைப் பள்ளத்தாக்குகளில் நடக்கிறவர்களைக் கோடை முழுக்கப் பாடாய்ப் படுத்துவதும் இதே பேரினத்தைச் சேர்ந்த ஒரு வகைதான். நம் பக்கம் ஆடு வளர்க்கிறவர்களுக்கு இது வேறு விதத்தில் பழக்கம், மழைக்காலத்தை ஒட்டிச் செம்மறி ஆடுகளுக்கு வருகிற நீலநாக்கு நோயைப் பரப்புவது இந்தப் பூச்சி. அந்த நோய் மனிதருக்கு வராது, அந்தப் பயம் வேண்டாம். ஈரச் சேறு, சாணம், மட்கிய சருகு, இவைதான் இது பெருகுகிற இடங்கள். காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலில் சருகு கணுக்கால் புதையக் கிடக்கும், கொஞ்சம் தள்ளி மாட்டுக் கொட்டகை, அதற்குக் கீழே ஓடை.

முக்கியமான விஷயம் அது கடிக்கிற விதம். கொசு நீளமான ஊசியைச் செருகி உறிஞ்சும், அதனால் உடம்போடு ஒட்டிய மெல்லிய துணியைத் தாண்டியும் கடித்துவிடும். இந்தப் பூச்சிக்கு அந்த ஊசி கிடையாது. குட்டையான வாயால் தோலை அறுத்து, ஊறி வருகிற ரத்தத்தைக் குடிக்கும். கடிப்பது பெண் பூச்சி மட்டும். சாதாரணப் பருத்திச் சட்டையைக்கூட அந்த வாயால் தாண்ட முடியாது. அதோடு இது பலமாகப் பறக்கிற பூச்சியும் இல்லை, மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினாலே அடங்கிவிடும். சேர்வராயன் கோயில் மேட்டில் காற்றில் நிற்கும்போது ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, கீழே ஓடையோரம் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்ததும் மொய்ப்பது இதனால்தான்.

களிம்புக்கும் வலைக்கும் வருவதற்கு முன்னால் மற்றவற்றை ஒதுக்கிவிடலாம். கொசுவர்த்திச் சுருளை மலைக்கு எடுத்துப் போகவே கூடாது, மாசி பங்குனியில் அடிவாரச் சருகில் ஒரு பொறி விழுந்தால் போதும். ஒலியெழுப்பிப் பூச்சி விரட்டும் செல்போன் செயலிகள் எதுவும் வேலை செய்யாது. வைட்டமின் பி மாத்திரை போட்டால் கடிக்காது என்பதும் அப்படித்தான். வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து பூசினால் கொஞ்ச நேரம் பலன் இருக்கிறது, ஆனால் அது வியர்வையில் வழிந்து கண்ணுக்குள் இறங்கும்.

சரி, களிம்பு. நம் மருந்துக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிற ஓடோமாஸில் இருப்பது டைஎத்தில் பென்சமைடு, 12 சதவீதம். டீட் என்பது அதற்கு நெருங்கிய உறவு, அமெரிக்க ராணுவத்துக்காக 1946-ல் உருவாக்கியது, 1957-ல் பொதுமக்கள் உபயோகத்துக்கு வந்தது. இத்தனை வருடம் உலகம் முழுக்கப் பூசிப் பார்த்த மருந்து, அதன் பலனில் எனக்குச் சந்தேகம் இல்லை. சதவீதம் கூடினால் பூச்சி அதிகமாக ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. சதவீதம் கூடினால் தாங்குகிற நேரம்தான் கூடும், அதுவும் ஐம்பதுக்கு மேல் போய்ப் பெரிய லாபம் கிடையாது. வாங்குவது சுலபம், பையில் எடை இல்லை, கைக்கும் விரலுக்கும் பூசலாம், பூசிக்கொண்டே சாப்பிடலாம் பேசலாம்.

ஆனால் டப்பாவில் போட்டிருக்கிற மணிக்கணக்கு, நிழலில் உட்கார்ந்திருக்கிறவருக்குச் சரியாக இருக்கலாம். செங்குத்தாக ஏறும்போது நெற்றி வியர்வையைத் துண்டால் ஒருமுறை துடைத்தால் நெற்றியில் இருந்த மருந்து துண்டுக்குப் போய்விடுகிறது. ஓடையைப் பார்த்ததும் முகம் கழுவாமல் யாராவது இருப்பார்களா? கழுவினால் மறுபடி பூச வேண்டும். பையின் வார் உரசுகிற தோள், சட்டைக் காலர் உரசுகிற கழுத்து, இங்கெல்லாம் சீக்கிரமே தேய்ந்து போகும், பூச்சி அந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கும். பூசாமல் விட்ட இரண்டு விரல் அகலத் தோல் போதும் அதற்கு, காதின் பின்மடிப்பில் எத்தனை பேர் ஒழுங்காகப் பூசுகிறோம். அப்புறம் பூசிய கையோடு ஆரஞ்சை உரிக்க முடியாது, கண்ணைக் கசக்க முடியாது. வெயில் களிம்பும் போடுகிறவர் என்றால் அதை முதலில் போட்டுக் காயவிட்டு, அதன் மேல் இதைப் பூச வேண்டும், ஒவ்வொரு முறையும். டீட் பிளாஸ்டிக்கை அரிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கைக்கடிகாரக் கண்ணாடி, மூக்குக் கண்ணாடி ஃப்ரேம், செல்போன் உறை எல்லாம் பிசுபிசுத்துவிடும். ஆக, களிம்பு நன்றாக வேலை செய்கிறது, நாள் முழுக்க நாம் அதற்கு வேலை செய்துகொண்டே இருந்தால். நடை நீள நீள இந்தப் பராமரிப்பு தளர்ந்துபோகும். பூச்சி மும்முரமாகிற சாயங்காலத்தில்தான் நாமும் களைத்துப்போய் மறுபடி பூசாமல் இருப்போம்.

வலையில் இந்தப் பேச்சே இல்லை. காலையில் போட்டது சாயங்காலமும் அதே வலைதான், வியர்வையில் கரையாது. அதன் கண் அளவில்தான் எல்லாமே இருக்கிறது. வீட்டில் கட்டுகிற சாதாரணக் கொசுவலையின் கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், இந்தப் பூச்சி அதற்குள் சுலபமாக நுழைந்துவிடும், நுழைந்த பிறகு முகத்தோடு உள்ளேயே சுற்றும். விவசாயப் பொருள் கடைகளில் நாற்றங்காலுக்கும் பசுமைக்குடிலுக்கும் விற்கிற பூச்சித் தடுப்பு வலை, 40 மெஷ் என்று கேட்டால் கொடுப்பார்கள், அதன் கண் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பூச்சி தாண்டாது. ஆனால் அது பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும், வெயிலில் கண் கூசிப் பாதை மங்கலாகத் தெரியும். கறுப்பு வலை வழியாகப் பார்த்தால் பார்வை தெளிவாக இருக்கும், அதனால் மலையேற்றப் பொருள் விற்கிறவர்களிடம் நெருக்கமான கண் உள்ள கறுப்புத் தலைவலை கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வெள்ளை வலையை வாங்கி, கண்ணுக்கு நேரே வருகிற பட்டையை மட்டும் கறுப்பு நைலான் வலையில் இரட்டையாக வைத்துத் தைக்கச் சொல்லலாம், நம் தெருத் தையல்காரர் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார். தொப்பிக்கு விளிம்பு அகலமாக இருக்க வேண்டும். வலை மூக்கிலோ காதிலோ ஒட்டினால் ஒட்டிய இடத்தில் கடி விழும்.

உடம்புக்கு வெளிர் நிறத்தில் தொளதொள முழுக்கைச் சட்டை, பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்வது, அவ்வளவுதான். காபிப் பழம் பறிக்கிற பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை, பித்தான் மணிக்கட்டு வரை பூட்டியிருக்கும், தலையைச் சுற்றிக் காதை மூடித் துண்டு. கார்த்திகையிலிருந்து தை வரை நாள் முழுக்க அந்தச் செடிகளுக்குள் நிற்கிறவர்கள் அவர்கள். எனக்கு எந்த விளம்பரத்தையும்விட அந்தச் சட்டை பெரிய சாட்சி.

வலை தோற்கிற இடங்களும் இருக்கின்றன. சாப்பிடத் தூக்கித்தான் ஆக வேண்டும், அதனால் சாப்பாட்டை ஓடையோரம் வைத்துக்கொள்ளாமல் காற்று வருகிற பாறை மேட்டுக்கு ஏறிவிடுங்கள். உச்சி வெயிலில் உள்ளே புழுங்கும். காட்டுமாடு நடமாடுகிற சரிவுகளில் வலையைத் தொப்பி மேல் சுருட்டிவிட்டு நடப்பதுதான் பாதுகாப்பு, பக்கவாட்டுப் பார்வை அங்கே கடியைவிட முக்கியம். கைக்கு வலை கிடையாது. அதனால் நான் களிம்பை முழுக்க விட்டுவிடவில்லை, புறங்கைக்கும் மணிக்கட்டுக்கும் மட்டும் பூசுகிறேன். அந்த அளவுக்கு மறுபடி மறுபடி பூசுவது கஷ்டமே இல்லை.

டீட்டுக்குப் பதில் பிகாரிடின் என்று ஒன்று உண்டு, வாசனை குறைவு, பிளாஸ்டிக்கை அரிக்காது. கைக்குப் பூச அது இன்னும் நல்ல தேர்வாக இருக்கும் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் நான் அதிகம் பயன்படுத்தியதில்லை, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். எலுமிச்சை யூகலிப்டஸ் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பூச்சி விரட்ட உதவுவது அந்த மரத்தின் எண்ணெயிலிருந்து பக்குவப்படுத்தி எடுக்கிற பிஎம்டி என்கிற பொருள். ஏற்காட்டுக் கடைகளில் சளிக்கும் மூட்டு வலிக்கும் விற்கிற யூகலிப்டஸ் தைலம் அது இல்லை. வாசனை தூக்கலாக இருக்கிறதே என்று அதைத் தடவிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்க வேண்டாம்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வலைதான், யோசிக்கவே வேண்டாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டீட் கூடாது, மூன்று வயதுக்குள் பிஎம்டி கூடாது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குப் பூசினாலும் உள்ளங்கையில் பூசக்கூடாது, கை நேராக வாய்க்குத்தான் போகும். பிள்ளைகளுக்கு வலை தைக்கும்போது கழுத்தில் நாடாவோ எலாஸ்டிக்கோ வைக்க வேண்டாம். சட்டைக் காலருக்குள் நாலு விரற்கடை செருகுகிற அளவு நீளம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.