பழைய டாட்ஜ் சேலஞ்சர் வாங்கலாமா?

அமெரிக்காவில் பழைய சேலஞ்சர் கார் தேடுகிறவர்களுக்கு என் பரிந்துரை 2015க்குப் பிறகு வந்த வண்டிதான். 2008லேயே 1970ஆம் ஆண்டுச் சாயலில் இது திரும்ப வந்துவிட்டது, ஆனால் 2015இல்தான் உள்பக்கத்தை நன்றாக மாற்றி எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கும் கொடுத்தார்கள், ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

நான் எடுத்தது ஆர்/டி என்ற ரகம், 5.7 லிட்டர் ஹெமி வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின். சுமார் 375 குதிரைத்திறன், தினசரி ஓட்டத்துக்கு தாராளம். 485 குதிரைத்திறன் உள்ள ஸ்கேட் பேக் என்ற மேல் ரகம் இன்னும் அருமை, ஆனால் அதன் இன்சூரன்ஸ் தொகையை முதலில் கேட்டுவிடுங்கள். ஆறு சிலிண்டர் வி6 எடுத்தால் அந்த உறுமல் கிடைக்காது, அதுக்கு இந்த வண்டியே வேண்டாம் என்பேன்.

பின்சீட்டில் பெரியவர்களே வசதியாக உட்காரலாம், டிக்கியும் பெரிசு. போட்டிக் கார்களான மஸ்டாங், கமாரோ இரண்டிலும் இது கிடையாது. ஆனால் வி8 வண்டி 4,000 பவுண்டுக்கு மேல் எடை, வளைவில் அது நன்றாகவே தெரியும்.

பார்க்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், முன்கூட்டியே சூடாக்கி வைக்காதீர்கள் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம் வந்து சூடானதும் அடங்கினால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்) போல்ட் உடைந்திருக்கும். அடங்கவே இல்லை என்றால் இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் லிஃப்டரும் கேம்ஷாஃப்டும் போயிருக்கலாம், அது பெரிய செலவு. அப்புறம் பின்டயர்களையும் ஆயில் மாற்றிய ரசீதுகளையும் பாருங்கள். ரசீது இல்லாத வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.