சேமக்காலையில் ஜியோகேஷ்: பெட்டி உள்ளேயா, வெளியேயா?

ஒருவர் ஒளித்த பெட்டியை மற்றவர்கள் ஜி.பி.எஸ். வைத்துத் தேடிப் பிடிக்கும் விளையாட்டின் பெட்டிதான் ஜியோகேஷ், சுருக்கமாகக் கேஷ். பழைய கிறிஸ்தவக் கோயில் சேமக்காலையை, அதாவது கல்லறைத் தோட்டத்தை, வைத்து ஒன்று போட நினைத்தால் மூன்று வழி இருக்கிறது. பெட்டியை உள்ளேயே ஒளிக்கலாம், கல்லறைக் கற்களில் உள்ள எண்களைத் துப்பாகக் கொடுத்துப் பெட்டியை வேறெங்காவது வைக்கலாம், இல்லையென்றால் பெட்டியே இல்லாமல் கேள்வி மட்டும் கேட்கலாம். என்னைக் கேட்டால் மட்டக்களப்பில் இரண்டாவதுதான் சரி. முதலாவதை யோசிக்கவே வேண்டாம்.

ஏன் என்றால், நல்ல போனின் ஜி.பி.எஸ். கூடத் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தவறும், மரங்களுக்குக் கீழே இன்னும் கூடும். அந்தச் சில மீட்டருக்குள் எத்தனை குழிகள் நெருக்கமாகக் கிடக்கின்றன என்று ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். தேடி வருகிறவர் பூச்சாடியைத் தூக்குவார், பெயர்ந்த கல்லை நகர்த்துவார், பழைய சுண்ணாம்புக் கட்டில் ஏறி நிற்பார். தோண்டக்கூடாது என்று விளையாட்டின் விதி சொல்கிறதுதான், ஆனால் பெட்டி அகப்படாத எரிச்சலில் இருப்பவரிடம் விதி எவ்வளவு தூரம் செல்லும்? அதோடு 2019 ஈஸ்டர் ஞாயிறு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு, இந்த ஊரில் கோயில் வளவுக்குள் யாரோ ஒருவர் மூடிய டப்பா ஒன்றை மறைத்துவிட்டுப் போகிறார் என்றால் சனம் பயப்படும், பொலிஸ் வரும், அவர்களில் பிழை சொல்லவும் முடியாது.

பெட்டி இல்லாத விர்ச்சுவல் கேஷ்தான் எல்லாவற்றிலும் சுத்தம். ஆனால் 2005க்குப் பிறகு புதிதாகப் போட பொதுவில் அனுமதி இல்லை, 2017 முதல் விளையாட்டை நடத்துகிறவர்கள் தெரிவுசெய்த சிலருக்கு மட்டும் கொடுத்தார்கள். கிடைத்தால் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

சரி, இரண்டாவதுக்கு வருவோம். மல்டி கேஷ் என்பார்கள். கல்லில் உள்ள வருடங்களைப் படித்து, அந்த இலக்கங்களால் பெட்டி இருக்கும் இடத்தைக் கணக்கிட வேண்டும். உள்ளே வருகிறவருக்கு எதையும் தொட வேண்டிய தேவையே இல்லை, நின்று வாசித்தால் போதும், உண்மையில் அப்போதுதான் அந்தப் பெயர்களையும் கவனிப்பார். ஆனால் கல்லைத் தெரிவு செய்வதில்தான் வேலை இருக்கிறது. 2004 சுனாமியில் போனவர்களின் கல்லறையோ, இன்னும் குடும்பம் வந்து மெழுகுதிரி ஏற்றும் கல்லறையோ வேண்டாம். உப்புக்காற்றில் தேய்ந்து 3 எது 8 எது என்று தெரியாத கல்லும் வேண்டாம், ஏனென்றால் ஆட்கள் சோக்கைத் தேய்த்து, சுரண்டிப் பார்க்கத் தொடங்குவார்கள். பக்கவாட்டில் டோர்ச் அடித்தாலே எழுத்து தெளியும் என்று கேஷின் இணையப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

கணக்கிலும் ஒரு கவனம். நகரம் ஏறக்குறைய வடக்கு 7 பாகை 43 நிமிடம், கிழக்கு 81 பாகை 42 நிமிடத்தில் இருக்கிறது. நிமிடத்தின் மூன்றாம் தசமத்தில் ஒன்று பிழைத்தால் இரண்டு மீட்டர்கூட வராது, முதல் தசமத்தில் பிழைத்தால் 185 மீட்டர், வாவி சூழ்ந்த புளியந்தீவில் அது ஆளை நேரே வாவிக்குள் அனுப்பினாலும் அனுப்பும். அதனால் கல்லில் எடுக்கும் இலக்கங்களைக் கடைசித் தசமங்களுக்கு மட்டும் வைத்து, எல்லா இலக்கங்களின் கூட்டுத்தொகையையும் சரிபார்க்கக் கொடுங்கள்.

கல்லறை வாசலே மிதிக்க விருப்பமில்லாதவர்கள் காந்திப் பூங்காப் பக்கம் போகலாம். அங்கே நினைவுச்சின்னம் உள்ள, 1814இல் வந்து அடுத்த வருடமே இங்கே இறந்துபோன மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டின் வருடங்களை வைத்தே துப்புப் போடலாம். யாருடைய துக்கத்துக்கும் பக்கத்தில் போகத் தேவையில்லை. ஆனால் வீட்டிலிருந்தே கூகிளில் விடை எடுத்துவிடுவார்கள், அதுதான் குறை.

எந்த வழியானாலும் முதலில் பாதரிடமோ போதகரிடமோ நேரில் போய்க் கேளுங்கள், பெட்டி வைக்கும் இடத்துக்குரியவரிடமும் கேளுங்கள். பெட்டி, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பாவாக இருக்கட்டும், மேலே இது என்ன என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி. நேரம் பகலில் மட்டும். அடக்கம் நடந்தால் திரும்பிப் போக வேண்டும். நவம்பர் 2, மரித்தோர் திருநாளில் சேமக்காலை நிறையச் சனம் இருக்கும், அந்த வாரம் முழுக்க கேஷைத் தற்காலிகமாக நிறுத்திவிடுங்கள். அப்புறம் எப்படியும் மாரி தொடங்கிவிடும், பெட்டிக்குள் பெயர் பதியும் தாளும் நனையும்.