மலையில் ஓடும் பிக்கப்புக்கு எதற்குக் காசு போடலாம்

ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தி, பாலாடாவிலிருந்து காய்கறி லோடு ஓட்டுகிறவர்கள் இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி, "அண்ணா, கோயம்புத்தூர்ல பெட்டி மாட்டித் தர்றாங்களாமே, புல்லிங் நல்லா இருக்கா?" என்பதுதான். இன்ஜின் இழுவையைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கிற எலக்ட்ரானிக் டியூனிங் பெட்டியைத்தான் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது பொலிரோ பிக்கப், 1.7 டன் மாடல். 2523 சிசி டீசல் இன்ஜின், கம்பெனி கணக்குப்படி 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. பெட்டி, ஏர் ஃபில்டர், கமான் பட்டை (ஸ்பிரிங் தகடு), பிரேக், டயர், லைட் என்று வெளிக்கடையில் கிடைக்கிற எல்லாவற்றையும் இந்த வண்டியிலோ கூட ஓட்டுகிறவர்கள் வண்டியிலோ ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. நம் ஊர் வண்டிக்கு முதல் காசு பிரேக்குக்கும் டயருக்கும் போக வேண்டும், பெட்டிக்கு இல்லை.

காரணம் நம் லோடு போகிற திசை. கேரட்டும் கோசும் உருளையும் ஏற்றிக்கொண்டு நாம் இறங்குகிறோம். ஏறும்போது பாதி நாள் காலி வண்டி, இல்லையென்றால் கொஞ்சம் உரமோ மளிகையோ. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவுதான். வண்டியும் மூட்டையுமாக மூன்று டன்னுக்கு மேல் இருக்கிற ஒன்றை 1,900 மீட்டர் கீழே இறக்குகிறோம், கணக்குப் போட்டுப் பார்த்தால் 17 யூனிட் கரண்டு அளவுக்குச் சக்தி வெளியே வருகிறது, அதில் காற்றும் டயரும் தின்றது போக மீதி முழுக்க இன்ஜினிலும் பிரேக்கிலும் சூடாகத்தான் தீர வேண்டும். பர்லியாறு தாண்டும்போது முன்னால் போகிற வண்டியிலிருந்து பிரேக் லைனர் கருகுகிற நாற்றம் வருகிறதே, அதுதான் இது.

சரி, பெட்டிக்கு வருவோம். கோவையில் ஒரு கடையில் சோதித்துப் பார்க்க மாட்டித் தந்தார்கள், உர மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வந்தேன். இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தத்தில் கொண்டுபோகிற 'ரயில்' குழாயின் பிரஷர் சென்சாருக்கும் வண்டியின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் அது உட்காருகிறது, இருக்கிற பிரஷரைக் குறைவாகக் காட்டுகிறது, கம்ப்யூட்டர் அதை நம்பிப் பிரஷரை ஏற்றுகிறது, இன்ஜெக்டர் வழியாக டீசல் கூடுதலாக இறங்குகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அடிவாரத்துக் கல்லாறு வரை நிஜமாகவே வித்தியாசம் தெரிந்தது, மூன்றாவது கியரில் வண்டி சுறுசுறுப்பாக இழுத்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கொண்டை ஊசி வளைவில் வண்டி ஊர்ந்து திரும்பும்போது ஆர்பிஎம் ஆயிரத்துச் சொச்சத்தில் இருக்கிறது, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போ இன்னும் எழுந்திருக்கவில்லை, அந்த இடத்தில் பெட்டி இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மலையில் நமக்கு இழுவை வேண்டிய இடமே அதுதான்.

குன்னூர் தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. காற்று குறையும்போது டர்போ கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கிறது, அது ஒரு அளவுக்கு மேல் போகாமல் இருக்கத்தான் கம்பெனி கம்ப்யூட்டர் உயரத்தைப் பார்த்து டீசலைக் குறைக்கிறது. பெட்டி அந்தக் காவலைத் தாண்டி டீசலை ஊற்றுகிறது. எரியக் காற்று இல்லாத டீசல் புகையாகிறது, சைலன்சர் சூடு ஏறுகிறது, டர்போவுக்கும் பிஸ்டனுக்கும் அது நல்லதில்லை. கிளட்ச் வேறு இருக்கிறது. வளைவுக்கு வளைவு அரைக் கிளட்சில் நிற்கிற வண்டிக்கு டார்க்கைக் கூட்டினால் பிளேட் எத்தனை நாள் தாங்கும்? பில் கேட்டபோது 'எலக்ட்ரிகல் வேலை' என்று மட்டும் எழுதித் தருவதாகச் சொன்னார்கள், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். பொள்ளாச்சி, உடுமலை என்று சமவெளியிலேயே ஓடுகிறவருக்கு இதே பெட்டி வேறு மாதிரி தெரியலாம், என் பேச்சு மலைக்கு மட்டும்.

அந்தப் பெட்டிக்குக் கேட்ட பணத்தில் பிரேக் வேலை முழுவதும் முடிந்து முன் டயர் இரண்டும் வந்தது. பிரேக் வேலையை மேட்டுப்பாளையத்தில் ஒரு வயதான மெக்கானிக் பட்டறையில் செய்தேன், விளம்பரப் பலகை கூட இல்லாத இடம். "லைனர் மட்டும் மாத்திட்டுப் போனா பிரயோஜனம் இல்ல தம்பி, டிரம்மைக் கழட்டிப் பாத்துடலாம்" என்றார். கழற்றியதும் டிரம்மின் உள்பக்கத்தில் விரலை வைத்து ஓட்டச் சொன்னார். நகம் மாட்டுகிற அளவுக்கு வரிவரியாகப் பள்ளம், இரண்டு இடத்தில் நீலம் பாய்ந்திருந்தது, சூடு ஏறி ஏறி வருகிற நிறம் அது. லேத்தில் கடைவதற்கு முன்னால் டிரம்மில் அச்சடித்திருக்கும் கடைசி அளவைப் படித்துக் காட்டினார், அதற்கு மேல் கடைந்தால் டிரம் மெலிந்து விரிசல் விடும். ஒரு பக்கம் கடைசல் தாங்காது என்று புதுசு வாங்கச் சொன்னார். வீல் சிலிண்டர் ரப்பர் எல்லாம் மாற்றி, பழைய பிரேக் ஆயிலை நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து வெளியே விட்டபோது கட்டன் சாயா மாதிரி வந்தது.

இந்த ஆயில் விஷயத்தை நம் ஆட்கள் கண்டுகொள்வதே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 தரம் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் சேர்ந்தால் 140. டாட் 4 புதிதில் 230, ஈரம் சேர்ந்தால் 155. நம் மழைக்கும் மஞ்சுக்கும் ஈரம் சேராமல் இருக்குமா? இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், முன் டிஸ்க்கைக் கவ்வுகிற பேடு புதிதாக இருந்தாலும் பிடிக்காது. நான் டாட் 4 ஊற்றினேன், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், ஒரு சாப்பாட்டுச் செலவுதான் கூட. டாட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது சிலிக்கான், அதை இதோடு கலக்கவே கூடாது. பேடில் மட்டும் ரேஸ் வண்டிக்கு வருகிற கடினமானதை வாங்காதீர்கள். காலைக் குளிரில் முதல் இரண்டு வளைவுக்கு அது பிடிப்பதே இல்லை, டிஸ்க்கையும் அரைத்துவிடும். வேலை முடிந்து கல்லாறு வரை நிறைந்த லோடோடு இறங்கினேன், பெடல் மேலே புறப்பட்டபோது எங்கே நின்றதோ கடைசி வளைவிலும் அங்கேயே நின்றது.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காமன் ரயில் இன்ஜினில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜெக்டர் டீசலே விடுவதில்லை, சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் போகிறது. ஆக மிச்சமும் இல்லை, இன்ஜின் பிடிப்பும் இல்லை. இறங்கி நின்றதும் சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றுகிற பழக்கமும் வேண்டாம் சாமி, விரிசல் விடும்.

டயரைப் பொறுத்தவரை முன்னால் ரிப் (நீளவாக்கில் கோடு போட்டது), பின்னால் லக் பட்டன் (கட்டை கட்டையாக இருப்பது), ஈர ரோட்டில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கிறது. முன் சக்கரத்துக்கு ரீட்ரெட், அதாவது பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியதைப் போடவே போடாதீர்கள்.

கமானில் ஒரு பட்டை கூடுதலாகப் போடுவது நம் பக்கம் சர்வ சாதாரணம். லோடில் பின்பக்கம் தொங்காது, உண்மை. ஆனால் லோடைப் பார்த்துப் பின் பிரேக் அழுத்தத்தை மாற்றுகிற வால்வு உள்ள வண்டியில், பட்டை ஏறி பாடி உயர்ந்துவிட்டால் அந்த வால்வு வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும், எல்லாச் சுமையும் முன் டிஸ்க்குக்கு வரும். பட்டை போட்டால் வால்வு கம்பியையும் அட்ஜஸ்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். காட்டன் ஏர் ஃபில்டரில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அதன் எண்ணெய் அதிகமானால் காற்று சென்சாரில் படிந்து தொல்லை. ஓப்பன் சைலன்சர் சத்தம்தான், விடியற்காலையில் கல்லாறு யானை வழியில் அந்தச் சத்தத்தோடு போவது எனக்குச் சம்மதமே இல்லை. லைட்டுக்கு, மஞ்சுக்குள் வெள்ளை எல்இடி பட்டை கண்ணிலேயே திருப்பி அடிக்கும், பம்பருக்குக் கீழே தாழ்வாக மாட்டிய ஃபாக் லாம்ப்தான் ரோட்டுக் கோட்டைக் காட்டுகிறது.

கடைசியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி ஆர்சி புத்தகத்தில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது, 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரலாம். லோடு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று), அப்புறம் வருஷா வருஷம். பிரேக், டயர், ஆயில் எல்லாம் கம்பெனி அளவிலேயே நல்ல சரக்காகப் போடுவது, அதனால் எஃப்.சி.யில் ஒரு கேள்வியும் வராது. பில்லை மட்டும் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், டிரம் எப்போது கடைந்தது, ஆயில் எப்போது மாற்றியது என்று அடுத்த மெக்கானிக்குக் காட்ட அதுதான் இருக்கும்.