மலை, ஏரி, மேகம்: நீர்ச்சுழற்சிப் பெட்டி வாங்கலாமா?

பொம்மைக் கடைகளிலும் ஆன்லைனிலும் வெவ்வேறு அட்டைப்படத்தோடு வரும் நீர்ச்சுழற்சிப் பெட்டிகள் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். பளிங்கு போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் தட்டு. ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் ஏரிக்குழி. மேலே மூடி, அதன் நடுவில் ஐஸ் போட மேக வடிவில் ஒரு பள்ளம். கூடவே ஸ்டிக்கர், நீல வண்ணப் பொட்டலம், செய்முறைத் தாள். வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. ஆனால் தாளில் போட்டிருப்பதை அப்படியே செய்தால் செய்யாது.

ஏரியில் தண்ணீர் ஊற்றி மேஜை விளக்கின் அடியில் வைக்கச் சொல்கிறது தாள். இது குண்டு பல்பு காலத்து யோசனை. அந்த பல்பு தின்ற மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியே வந்தது. இப்போதைய 9 வாட் எல்.இ.டி.யின் கீழ் வைத்தால், பிள்ளை சலித்து எழுந்து போகும் வரை பெரிதாக ஒன்றும் நடக்காது.

வெந்நீர்தான் வழி. கொதித்த நீரும் குழாய் நீரும் சரிபாதி கலந்தால் 60 டிகிரியை ஒட்டி வரும். அதில் 150 மில்லி போதும். ஊற்றுவது பெரியவர் வேலை, இந்தச் சூடே சின்னக் கையைப் பொசுக்கிவிடும். அவசரப்பட்டுக் கொதிநீரை நேரே ஊற்றினால் மெல்லிய தட்டு நெளியும், பிறகு மூடி சரியாக உட்காராது, ஆவி விளிம்பு வழியே போய்விடும். மூடி முதலிலேயே தளர்வாக இருந்தால் சுற்றிலும் செலோடேப் ஒட்டுங்கள். பள்ளம் நிறைய ஐஸ் போட்டதும் மூடியின் அடிப்பக்கம் பால்போல் மங்கும். அந்த மங்கல் மெல்ல மெல்ல மணிகளாகத் திரளும்.

இங்கேதான் பெட்டியின் பெரிய குறை. மேலே ஐஸ், கீழே சொட்டு. எந்தப் பிள்ளையானாலும் “ஐஸ் உருகி ஒழுகுது” என்றுதான் சொல்லும். பார்த்ததை வைத்துச் சரியாகத்தான் யோசிக்கிறது. தாளில் இதற்குப் பதில் இல்லை. முந்தின நாளே பீட்ரூட் சாறு கலந்து ஐஸ் கட்டி வையுங்கள், ஏரிக்கு நீலம் போடுங்கள். மூடியடியில் திரளும் சொட்டில் சிவப்பும் இருக்காது, நீலமும் இருக்காது. சிவப்பு இல்லாததால் அது ஐஸிலிருந்து வரவில்லை. அப்படியானால் ஏரியிலிருந்து வந்திருக்க வேண்டும், ஆனால் நீலம் எங்கே போனது? பிள்ளையே கேட்கும். நீர் மட்டும்தான் ஆவியாகும், சாயம் ஏரியிலேயே தங்கிவிடும்.

கடல்நீர் உப்பு, மழைநீர் ஏன் உப்பில்லை என்பதையும் இதே போக்கில் காட்டலாம். வண்ணத்துக்குப் பதில் ஏரியில் இரண்டு ஸ்பூன் உப்பு. முடிந்ததும் ஏரிநீரில் ஒரு சொட்டு, மூடியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து எவர்சில்வர் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெயிலில் காயவிடுங்கள். ஒன்று வெள்ளைத் திட்டாக நிற்கும், மற்றது சுவடில்லாமல் போகும். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. இந்தப் பிளாஸ்டிக்கில் வேண்டவும் வேண்டாம்.

இன்னொரு குறை, மூடியின் அடிப்பக்கம் சமதளம். மணிகள் தொங்கிக்கொண்டே இருக்கும், விழாது. ஏரிப் பக்கம் தட்டுக்கு அடியில் ஒரு தீப்பெட்டியைப் படுக்க வைத்துச் சாய்த்தால் மணிகள் மலைப் பக்கம் ஓடி ஒன்று சேர்ந்து சொட்டும். சரிவில் வழிந்து ஏரிக்குத் திரும்பும். மூடியை விரலால் தட்டி மழை வரவழைப்பவர்களும் உண்டு. அது கொஞ்சம் போங்கு.

“வானத்துல யாரு ஐஸ் வச்சது?” என்ற கேள்விக்கும் தயாராக இருங்கள். உயரம் கூடக் கூடக் காற்று குளிரும், 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 6 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். கொடைக்கானலுக்கு ஸ்வெட்டர் எடுத்துப் போவதைச் சொன்னால் ஐந்து வயதுக்கும் புரியும். ஆவியாதல், ஆவி சுருங்குதல் என்ற சொற்களை ஏழெட்டு வயதில் சொல்லிக்கொள்ளலாம்.

நிலத்துக்குள் இறங்கும் நீரும், செடிகள் விடும் நீரும் பெட்டியில் கிடையாது. இரண்டாவதைச் செலவில்லாமல் காட்டலாம். வெயிலில் நிற்கும் செம்பருத்திக் கிளை ஒன்றில், இலைகளோடு சேர்த்து உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பை ஒன்றை இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு மணி நேரத்தில் பைக்குள் நீர் கோத்திருக்கும்.

வாங்குவதானால் மூடியும் பளிங்காக இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை மூடி போட்டதில் முக்கியமான காட்சியே மறைந்துவிடும். பஞ்சு மேகம் ஒட்டியது வெறும் அலங்காரம், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். பெட்டி இல்லாவிட்டாலும் குடி முழுகாது. அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் வெந்நீர், மேலே ஐஸ் போட்ட எவர்சில்வர் தட்டு. பிளாஸ்டிக்கைவிட எவர்சில்வர் குளிர்ச்சியை வேகமாகக் கடத்துவதால் சொட்டு சீக்கிரமே வரும். மலை மட்டும் இருக்காது. ஒரு பக்கம் கருங்கல் ஒன்றைச் சாய்த்து வைத்தால் அதுவும் ஆயிற்று.