பூட் ஆனதும் விபிஎன்: ஓப்பன்விபிஎன்னா, வயர்கார்டா?

ஊரில் அப்பா வீட்டு அலமாரியில் ஒரு ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கை அளவு லினக்ஸ் கணினி) கிடக்கிறது. வெளியூரிலிருந்து அதற்குள் நுழைய எனக்கு விபிஎன் (இணையத்தின் வழியே போடும் மறையாக்கப்பட்ட தனிப்பாதை) ஒன்றுதான் வாசல். கரண்ட் போய் வந்தால் கடவுச்சொல் தட்ட அங்கே ஆளில்லை. தானாக எழுந்து தானாக இணைய வேண்டும்.

கிரான் அட்டவணையில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் பட்டியல்) ‘ரீபூட்’ வரி போடுவதையும், பூட் ஆகும்போது ஓடும் ஆர்சி லோக்கல் கோப்பில் கட்டளை சேர்ப்பதையும் இன்னும் பலர் சொல்லித்தருகிறார்கள். நெட்வொர்க் வரும்வரை அவை காத்திருக்கும் என்று நம்ப முடியாது; விபிஎன் செத்துப்போனால் எழுப்பவும் செய்யாது. விட்டுவிடுங்கள். லேப்டாப் என்றால் லினக்ஸின் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் போதும்: வைஃபை அமைப்பிலேயே ‘தானாக விபிஎன்னில் இணை’ என்று டிக் செய்யலாம். கடவுச்சொல்லை எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாகச் சேமித்தால்தான் லாகின் செய்யும் முன்பே அது இணையும்.

மிச்சமிருப்பது சிஸ்டம்டி வழி; லினக்ஸ் பூட் ஆகும்போது சர்வீஸ்களை (பின்னணி நிரல்களை) எழுப்புவது அதுதான். அதில்தான் ஓப்பன்விபிஎன், வயர்கார்டு என்ற இரண்டு விபிஎன் மென்பொருள்களுக்கும் உண்மையான போட்டி.

ஓப்பன்விபிஎன்னில் அமைப்புக் கோப்பை அதன் ‘கிளையன்ட்’ அடைவில் போட்டு, அந்தக் கோப்பின் பெயரிலேயே சர்வீஸை எனேபிள் செய்ய வேண்டும் (பூட்டிலேயே எழும்படி). பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தனிக் கோப்பில் எழுதி 600 அனுமதி (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) கொடுக்க வேண்டும். சர்வரின் பெயருக்கு ஐபி கிடைக்காவிட்டால், கிடைக்கும்வரை சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். லாக் (நிகழ்வுக் குறிப்பு) வளவளவென்று இருக்கும், ஆனால் எங்கே சிக்கல் என்பது தெரிந்துவிடும்.

வயர்கார்டு 2020 மார்ச்சில் வந்த 5.6 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப்பகுதி) லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. சாவி கோப்பிலேயே இருப்பதால் கடவுச்சொல் தொல்லை இல்லை. ஒரு கோப்பு, ஒரு எனேபிள், முடிந்தது. ஆனால் அதன் சர்வீஸ் ‘ஆக்டிவ்’ என்று பச்சையாகக் காட்டுவதை நம்பாதீர்கள். இந்த முனையில் இன்டர்ஃபேஸ் (விபிஎன்னுக்கான நெட்வொர்க் வாசல்) எழுந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். மறுமுனை பதில் சொன்னதா என்பதைக் கடைசி ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் செய்யும் அறிமுகப் பரிமாற்றம்) நேரத்தைப் பார்த்துத்தான் அறிய முடியும்.

பை 4-இல் வயர்கார்டு என்னைக் கவிழ்த்தது கடிகாரத்தில். அந்தப் போர்டில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. திடீரென்று கரண்ட் போனால், கடைசியாகச் சேமித்த நேரத்தோடுதான் எழும்; அது ஒரு மணி நேரம்கூடப் பின்தங்கியிருக்கலாம். வயர்கார்டு சர்வரோ ஏற்கெனவே பார்த்த நேரமுத்திரையைவிடப் பழையதாக வரும் ஹேண்ட்ஷேக்கை மறுபேச்சின்றித் தள்ளிவிடும். எல்லாப் போக்குவரத்தும் சுரங்கம் (விபிஎன் பாதை) வழியே என்று நான் அமைத்திருந்தேன். வயர்கார்டு எழுந்த கணமே பாதையை மாற்றிவிடுவதால், நேரத்தைத் திருத்தப் போன என்டிபி (இணையம் வழியே சரியான நேரம் கேட்கும் முறை) கோரிக்கையும் திறக்காத சுரங்கத்துக்குள் போய் மாட்டிக்கொண்டது. நேரம் சரியானால்தான் சுரங்கம் திறக்கும், சுரங்கம் திறந்தால்தான் நேரம் சரியாகும்!

ஓப்பன்விபிஎன் இங்கே பிழைத்துக்கொள்ளும். இணைந்த பிறகே அது பாதையை மாற்றுகிறது. அதற்குள் என்டிபி தன் வேலையை முடித்துவிடும். ஆனால் ரகசியத்துக்காக விபிஎன் வைப்பவருக்கு அந்த இடைவெளிதான் ஓட்டை: இணையும்வரை எல்லாம் வெளியே கசியும். அவருக்கு வயர்கார்டின் பிடிவாதம் ஒரு வரம்.

சர்வரின் ஐபி அடிக்கடி மாறினாலும் ஓப்பன்விபிஎன்தான் வசதி. மறுபடி இணையும்போது பெயரைப் புதிதாகத் தேடிக்கொள்ளும். வயர்கார்டு முதலில் கண்ட ஐபியையே பிடித்துத் தொங்கும், அதைப் புதுப்பிக்கத் தனி டைமர் வைக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு பை-யில் வயர்கார்டையே வைத்திருக்கிறேன். என் சர்வருக்கு நிலையான ஐபி. பெயருக்குப் பதில் எண்ணையே எழுதிவிட்டேன். சுரங்கத்துக்குள் போவது 10.8.0.0/24 என்ற உள் முகவரிகளுக்கான போக்குவரத்து மட்டும், மற்றதெல்லாம் வெளியே; இணைப்பை உயிரோடு வைக்கும் கீப்அலைவ் 25 விநாடி. பேட்டரியில் ஓடும் டிஎஸ்3231 கடிகாரம் ஒன்றையும் வாங்கிச் செருகிவிட்டேன்.