விளக்கு எரிகிறது, செல்ஃப் எடுக்கவில்லை: மதுரைப் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு

"லைட் எரிகிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. செல்ஃப் மோட்டார் போய்விட்டது." வோல்ட் அளக்கும் மீட்டரைக் கையில் எடுக்காமலே ஒரு பட்டறைக்காரர் இப்படிச் சொன்னால் வண்டியை அங்கே விடாதீர்கள். இதைச் சொல்லி, இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் அந்த மோட்டாரை மாற்றித்தான் என்னிடம் 10,700 ரூபாய் வாங்கினார்கள். உண்மையான கோளாறு, பேட்டரியின் நெகட்டிவ் முனையில் படிந்திருந்த வெள்ளைப் பொடி.

அழகர்கோவிலில் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது வண்டி அசையவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அந்த நேரம் உள்விளக்கு மங்கி அணையும். சாவியை விட்டதும் பழையபடி எரியும். உடன் வந்த மாமனார் யாரையோ விசாரித்துச் சுற்றுச்சாலைப் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்குச் சொன்னார். ஆள் வந்து கயிறு கட்டி இழுத்துப் போனார்கள்.

வண்டி என்னுடையது, ஓட்டுவதும் நான். ஆனாலும் பட்டறைக்காரர் விளக்கம் முழுவதையும் மாமாவைப் பார்த்தே சொன்னார். ஹெட்லைட்டைப் போட்டு, "பாருங்கள் ஐயா, எப்படிப் பளிச்சென்று எரிகிறது" என்றார். மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று நான் கேட்டேன். "மீட்டர் எதற்கு அக்கா, கண்ணுக்கே தெரிகிறதே!"

கண்ணுக்குத் தெரியாது. சாதாரண ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து எடுப்பது சுமார் 10 ஆம்பியர். செல்ஃப் மோட்டாரோ சிறிய காரில்கூட 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். முகம் கழுவத் தண்ணீர் வருகிறது என்பதற்காகக் குழாயில் அடைப்பே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? பேட்டரி பாதி இறங்கியிருந்தாலும், முனையில் உப்புப் பூத்திருந்தாலும் விளக்கு எரியத்தான் செய்யும். மோட்டார் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

மோட்டாரை மாற்றியதும் வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. அங்கேதான் அவர்கள் ஜெயித்தார்கள். காரணம் பின்னால்தான் விளங்கியது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றியாக வேண்டும். திரும்ப மாட்டி முடுக்கும்போது பொடி கொஞ்சம் உதிர்ந்து உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளும். கிளம்பாமல் என்ன செய்யும்? பழைய மோட்டார் எங்கே என்றதற்கு, எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது என்றார்கள். எண்ணும் இல்லாத முத்திரையும் இல்லாத ஒரு துண்டுச் சீட்டில் 'புதிய மோட்டார் 9,200, கூலி 1,500' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு அதே 'டக்', அதே மங்கல். இந்த முறை சிம்மக்கல் பக்கம் கடை வைத்திருக்கும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்தேன். முதலில் பேட்டரியை மீட்டரில் பார்த்தார்: 12.5 வோல்ட். பிறகு மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் ஈய முனை மீதும், மற்றொன்றை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் மீதும் வைத்துக்கொண்டு, "இப்போது சாவியைத் திருப்பு தாயி" என்றார். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகத்துக்கு நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கிளாம்பை விரலால் திருகினார்; அது சுற்றியது. கழற்றிப் பார்த்தால் உட்புறம் சாம்பல் நிறத்தில் ஓடு கட்டி, விளிம்பில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினார். 150 ரூபாய்.

போகிற போக்கில் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்துவிட்டு, "இது புது மோட்டார் என்று யார் சொன்னது?" என்று கேட்டார். கறுப்புப் பெயின்ட் புதிதுதான். போல்ட்டைச் சுற்றிய இடுக்குகளில் அது உரிந்து அடியில் துரு தெரிந்தது. கம்பெனித் தகட்டின் மேலேயும் ஒரே பூச்சு. என் வண்டியில் கழற்றிய மோட்டாருக்கே வண்ணம் அடித்து எனக்கே விற்றிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

போய்க் கேட்டபோது, "வண்டி ஓடியதா இல்லையா?" என்பதற்கு மேல் பதில் இல்லை.

செல்ஃப் மோட்டார் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ் தேயும், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சொலினாய்டு போகும், மோட்டார் இறுகிக்கொண்டாலும் விளக்கு மங்கும். சாவியைத் திருப்பும்போது விளக்கு கொஞ்சமும் மங்காமல் 'டக்' மட்டும் கேட்டால் மோட்டாரையும், இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் வயரையும் சந்தேகிக்கலாம். சத்தமே இல்லையென்றால் ரிலே, ஃபியூஸ், சில வண்டிகளில் கிளட்ச் சுவிட்ச். விளக்கு படுத்துவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியும் அதன் இரண்டு முனைகளும்தான். மோட்டாரைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கழற்றியதை உங்கள் கண் முன்னால் நேரடியாகப் பேட்டரியில் கொடுத்துச் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சுழன்றால் அதை மாற்ற வேண்டுமா என்று இன்னொருவரிடமும் கேளுங்கள். சுழலாவிட்டால் அந்தப் பழைய மோட்டாரை டிக்கியில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய விவரம், பெயின்ட் உரிந்த மோட்டாரின் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இதே மாதிரி 'புது' மோட்டார் மாட்டிக்கொண்டவர்கள் பானெட்டைத் திறந்து, தகட்டின் மேல் பெயின்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.